தாலிக்கு எந்தக் கார்டு?

1

இன்று வெள்ளிக்கிழமை. சற்று முன்புதான் என் மனைவியின் பால்மா டின்னுக்குள் ஒரு வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே மலேசியாவில் ரிங்கிட்டை எல்லாரும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். இது முப்பத்தெட்டாவது நோட்டு. இத்துடன் ஒரு கணக்கு முடிந்துவிடும் என்று பல மாதங்களாகக் காத்திருந்தேன். முடியவில்லை என்று இரண்டு பெண்கள் என் கண்முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் எழுதும் கடிதங்களில், போரால் ஏறிய மண்ணெண்ணெய் விலையும் சவர்க்கார விலையும் இருக்கின்றன. அவற்றைப் படித்த கையோடு, பினாங்கில் இருக்கும் ஒரு கிழவன் எந்தக் கார்டில் செலவு செய்வது என்று நித்திரை கெட்டான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதனுக்குக் கவலைப்பட எங்கே போனாலும் ஏதாவது கிடைத்துவிடுகிறது. எனக்கு எப்போதும் மற்றவர்களுக்கு முன்பாகவே கிடைத்துவிடும்.

2

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பென்சன் வங்கிக்கு வருகிறது. முன்பு ஒரு புத்தகம் தந்திருந்தார்கள். எடுத்தது, போட்டது, மிச்சம் எல்லாம் அதில் அச்சாகி வரும். மாதத்தில் இரண்டு தரம் அதைப் படிப்பேன். பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு கார்டைக் கையில் தந்தார்கள். சுவரில் இருக்கும் இயந்திரத்தில் விட்டால் காசு வரும். சில கடைகளில் கொடுத்தால் அந்த நிமிடமே கணக்கிலிருந்து காசு போகும். டெபிட் கார்டு என்று பெயர். படிக்க அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது கார்டு என் மகன் குமரனின் வேலை. குமரன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவனுடைய தமிழில் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது, கடைசியில் ஒரு மலாய் 'லா' ஒட்டிக்கொள்கிறது.

"அப்பா, டெபிட்ல போட்டா காசு அப்பவே ஓடிடும். கிரெடிட்ல போட்டா ஒரு மாசம் பேங்க் காசுல சாப்பிடலாம். ஃப்ரீ லா!"

"அடுத்தவன்ரை காசிலை நான் ஏன்ரா சாப்பிடவேணும்?"

"எல்லாரும் அப்பிடித்தான் சாப்பிடறாங்க, பா."

எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக, பற்கள் பாதி போன வயதில் நானும் கிரெடிட் கார்டுக்கு மனுப் போட்டேன். பென்சன்காரருக்குச் சும்மா தர மாட்டார்களாம். மூவாயிரம் வெள்ளியை நிரந்தர வைப்பில் போட்டு, அதைத் தொட மாட்டேன் என்று கையெழுத்து வைத்தால், மூவாயிரம் வரை கடன் தருவார்களாம். என்னுடைய காசை அறையில் பூட்டிவிட்டு, அதே அளவு காசை எனக்குக் கடனாகத் தரும் இந்த ஏற்பாட்டை நான் மூன்று தரம் விளக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று தரமும் அது அப்படியேதான் இருந்தது.

இப்படியாக என் பணப்பையில் இரண்டு கார்டுகள் சேர்ந்தன. ரொட்டிக் கடையில் பாண் வாங்கப் போனாலும் எதை நீட்டுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீளும். கடைசியில் என் மனைவி மங்கையர்க்கரசி ஒரு சட்டம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக் காசு வெளியே போகக்கூடாது என்பது அவள் கொள்கை. இலட்சுமி படியிறங்கிப் போய்விடுவாளாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமைச் சாமான் எல்லாம் வியாழக்கிழமையே வந்துவிடும். வெள்ளிக்கிழமையன்று என் பையில் ஒரு சதமும் இருக்க விடமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, உந்தப் புதுக் கார்டிலை வாங்கினால் காசு எப்ப போகும்?"

"அடுத்த மாசம் பில் கட்டேக்கைதான்."

"அப்ப இண்டைக்குப் போகேல்லை?"

"இண்டைக்குக் கடைக்காரனுக்கு வங்கிதான் குடுக்குது. எங்கடை காசு அசையாது."

"வங்கியின்ரை இலட்சுமிதானே போறா. போகட்டும். வெள்ளிக்கிழமைக்கு உந்தக் கார்டு, மற்ற நாளுக்கு மற்றக் கார்டு."

நாட்டின் நிதியமைச்சர்கூட இவ்வளவு விரைவாக ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டார். அதன் பிறகு மங்கை வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே கடைக்குப் போகத் தொடங்கினாள். கைவிட்டுப் போன வெள்ளிக்கிழமைகளையெல்லாம் சேர்த்துப் பிடிப்பவள் போல வாங்கினாள். ஒரே வாரத்தில் மாவு அரிக்க இரண்டு அரிதட்டு வந்தது. ஏன் இரண்டு என்று கேட்டேன். காசு போகவில்லையே என்றாள்.

3

அந்தச் சமயத்தில் குமரனுக்குக் கலியாணம் பேசினோம். பேசினோம் என்பது கலியாணப் பத்திரிகைக்கு எழுதும் வழக்கம். அவனே பார்த்து, அவனே முடிவு செய்து, எங்களைக் காரில் ஏற்றி நிபோங் திபாலுக்குக் கூட்டிப்போனான். பெண் மாலதி, பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல பிள்ளை. அவளுடைய தாய் பாக்கியம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவர்கள் தமிழ்நாட்டு வழி, நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. அதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கலியாணத்தை நிறுத்தப் பார்த்தது அதுவல்ல.

தேநீர் வந்தது. பாக்கியம் வாசலில் நின்ற காரைப் பார்த்தபடி குமரனிடம் கேட்டார்.

"காரு ரொக்கத்துக்கு வாங்குனதா, தம்பி?"

"இல்ல ஆன்ட்டி, லோன். ஏழு வருஷம்."

"வீட்டுல டிவி பெருசா இருக்குன்னு பாப்பா சொல்லுச்சு."

"அது இன்ஸ்டால்மென்ட்."

"கையில வச்சிருக்கிற போனு?"

"அதுவும்தான்."

"இப்ப போட்டிருக்கிற சட்டை?"

குமரன் தன் சிவப்புச் சட்டையைக் குனிந்து பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "கிரெடிட் கார்டு, ஆன்ட்டி," என்று பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினான்.

பாக்கியம் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சம்மந்தி, நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். வீடு வேணாம், நகை வேணாம். தாலி மட்டும் கடன்ல வாங்கக் கூடாது. மாசக் கடைசியில தோட்டத்துக் கடைக்காரன் வந்து நிப்பான். ஒடனே என் தாலி கழண்டுரும். என் கழுத்துல கெடந்தத விட அது பஜாக்குக் கடையில கெடந்ததுதான் அதிகம்."

பஜாக்குக் கடை என்றால் அடகுக்கடை.

"தாலி வாங்குற அன்னிக்கு நானும் கடைக்கு வருவேன். காசு குடுக்குறத என் கண்ணால பாக்கணும். கடன்னு தெரிஞ்சிச்சு, கல்யாணம் இல்ல."

நான் மாலதியைப் பார்த்தேன். படித்த பெண், ஏதாவது சமாதானம் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா சொன்னா சொன்னதுதான், அங்கிள்," என்றாள் அவள். குமரனின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

4

எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்க வேண்டும். நல்ல நேரத்தில் பொன் வாங்கி, தட்டார் வந்து உருக்கி, அதில்தான் தாலி செய்வது. தாலிப்பொன் வாங்கிய அன்றே உருகிவிட வேண்டும், இரவில் வீட்டில் தங்கக்கூடாது என்பது மங்கையின் தாய்வீட்டு வழக்கம். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். புதன்கிழமை அட்டமி. வியாழக்கிழமை நவமி. இரண்டும் ஆகாது. நல்ல நாள் வெள்ளிக்கிழமைதான். அதுவும் பத்தரைக்கு இராகு காலம் தொடங்குவதற்கு முன் பொன் கைக்கு வந்துவிட வேண்டும். அந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் கலியாணத்துக்குப் பிறகுதான் வருகிறது.

இப்போது என் நிலையைப் பாருங்கள். டெபிட் கார்டில் வாங்கினால் வெள்ளிக்கிழமை வீட்டுக் காசு வெளியே போகிறது. மங்கை சம்மதிக்க மாட்டாள். கிரெடிட் கார்டில் வாங்கினால் தாலி கடன். பாக்கியம் சம்மதிக்க மாட்டார். கைக்காசாகக் கொடுத்தாலும் அதுவும் வெள்ளிக்கிழமை படியிறங்கும் காசுதான்.

"பொன் உள்ளுக்கு வருகுது தானே? காசு போய்ப் பொன்னாக வந்தால் இலட்சுமி போனதாகுமோ?" என்று மங்கையிடம் வாதாடினேன்.

"பொன் எங்களுக்கோ வருகுது? மருமகளின்ரை கழுத்துக்கெல்லோ போகுது," என்றாள். நான் பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன்.

குமரனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "ஜஸ்ட் ஸ்வைப் லா, அப்பா. ஆன்ட்டிக்கு என்ன தெரியும்?" என்றான். கலியாணம் அவனுடையது. நித்திரை போனது எனக்கு.

மூன்றாம் நாள் முகம் மழிக்கும்போது வழி தெரிந்தது. கன்னத்தில் சவர்க்காரத்தோடு வெளியே ஓடிவந்து மங்கையிடம் சொன்னேன். கிரெடிட் கார்டுக்கு வியாழக்கிழமையே காசு கட்டிவிட வேண்டும்! பில் வருவதற்கு முன், பொருள் வாங்குவதற்கு முன், கடன் படுவதற்கு முன். காசு வீட்டை விட்டுப் போவது வியாழக்கிழமை. தாலி வாங்குவது வெள்ளிக்கிழமை. வங்கிதான் எனக்குக் கடன்பட்டிருக்கும், தாலி கடனாகாது.

மங்கை என் கன்னத்துச் சவர்க்காரத்தைத் துடைத்துவிட்டாள். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

வங்கிக் கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவள். என்னைத் தெரியும். நான் வருவதைக் கண்டால் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொள்வாள்.

"அங்கிள், உங்களுக்குப் பில்லே இல்லையே. போன மாசமே கட்டிட்டீங்க. சைபர்."

"தெரியும், பிள்ளை. அதுதான் கட்ட வந்தனான்."

"இல்லாத பில்லுக்கு எப்படி அங்கிள் கட்டுவீங்க?"

"நாளைக்குக் கடன் வரப்போகுது. வரமுன்னம் கட்டவேணும்."

"வந்தப்புறம் கட்டினா வட்டி கூட கிடையாதே!"

"வட்டிக்கில்லை. வந்தாப் பிறகு கட்டினால் கலியாணம் நிண்டிடும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திரும்பி வந்தவள் ஒரு மலாய்ப் படிவத்தை நீட்டினாள். கூடுதலாகக் கட்டுவதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். தவறுதலாகக் கட்டியது, இரண்டு தரம் கட்டியது, மற்றவை என்று மூன்று கட்டங்கள். தாலிக்கு என்று ஒரு கட்டம் இல்லை. மற்றவையில் அடையாளம் போட்டேன். என்ன மற்றவை என்று ஒரு கோடு இருந்தது. மலாயில் தாலிக்கு என்ன சொல் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் 'தங்கச் சங்கிலி, சமயம்' என்று மலாயில் எழுதி முத்திரை குத்தினாள்.

மூன்று பவுனுக்கு அன்றைய விலை தொள்ளாயிரத்து இருபத்தைந்து வெள்ளி. ஏறினாலும் ஏறும் என்று இருபத்தைந்து கூட்டி, தொள்ளாயிரத்து ஐம்பது கட்டினேன். வங்கி எனக்குக் கடன்பட்டிருப்பதாக அச்சடித்த சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்கினேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தும் யாரும் எனக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதித் தந்ததில்லை. பஸ்ஸில் அதை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

5

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நகைக்கடை கதவு திறந்தபோது நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். நான், மங்கை, பாக்கியம். வீட்டில் தட்டார் அடுப்பை மூட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரர் கண்ணாடி மேசையில் மூன்று பவுனை எடுத்து வைத்தார். நான் பணப்பையைத் திறந்து கார்டை நீட்டினேன்.

பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சம்மந்தி! இது கடன் கார்டு. எம் மருமவன் சட்டை வாங்குன அதே கலரு."

"கடனில்லை, சம்பந்தியம்மா. வங்கிதான் எனக்குக் கடன்."

"பேங்கு உங்களுக்கா? பேங்கு என்னிக்குங்க ஏழைபாழைக்கிட்ட கடன் பட்டுச்சு?"

சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க படிங்க. இவருக்காகப் பொய் சொல்லாதீங்க."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருடம் வியாபாரம் செய்கிறாராம், இப்படி ஒரு சீட்டைக் கண்டதில்லையாம். "ஆமாம்மா. தொள்ளாயிரத்து அம்பது வெள்ளி பேங்குதான் ஐயாவுக்குக் குடுக்கணும்."

பாக்கியம் என் கையை விட்டார். அந்த அம்மாவின் முகத்தில் முதன்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது நிமிர்ந்திருந்தது அரை நிமிடம்தான்.

"ஆனா ஐயா, இன்னிக்கு வெலை தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு."

வெள்ளியின் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. தங்கம் காலைக்குக் காலை ஏறியது. நான் கவனமாக இருபத்தைந்து கூட்டியிருந்தேன். தங்கம் என்னைவிடக் கவனமாக அறுபத்துமூன்று கூட்டியிருந்தது.

"அதுக்கென்ன, கார்டுல எடம் இருக்கு. மொத்தத்தையும் இழுத்துடவா?" என்றார் கடைக்காரர்.

"மிச்சம் முப்பத்தெட்டு யார் காசு?" என்றார் பாக்கியம்.

"அது மட்டும் பேங்க் கடன்மா. அடுத்த மாசம்..."

"அப்ப வேணாம்."

"முப்பத்தெட்டு வெள்ளி தானேம்மா!"

"தாலியில எந்தப் பக்கம் அந்த முப்பத்தெட்டு இருக்கும்? முடிச்சுக்கிட்டயா, நடுவுலயா? சொல்லுங்க."

கடைக்காரர் பவுனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. டெபிட் கார்டைத் தொட்டேன். மங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ஒரு பவுனைக் குறைக்கலாமா என்று கேட்டேன். சொன்ன நிறையைக் குறைத்தால் குமரனின் ஆயுள் குறையும் என்றாள் மங்கை. பாக்கியத்திடம் காசு இருந்திருக்கும், ஆனால் பெண் வீட்டுக் காசில் தாலி வாங்கினால் ஊரே சிரிக்கும். கலியாணப் பத்திரிகை இருநூறும் அடித்து முடித்தாயிற்று. முப்பத்தெட்டு வெள்ளிக்காக என் மகனின் கலியாணம் அந்தக் கண்ணாடி மேசையின் மேல் நின்றது.

பத்தேகாலுக்கு மங்கை தன் கைப்பையைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சு வந்தது. அதை அவிழ்த்து நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் அவள் கையால் காசு வெளியே போனதை அன்றுதான் கண்டேன். வைக்கும்போது ஒவ்வொரு நோட்டிடமும் ஏதோ முணுமுணுத்தாள். இலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டாள் போலும்.

"பொண்டாட்டி காசுன்னா புருசன் காசு மாதிரிதான். சரி, போடுங்க," என்றார் பாக்கியம்.

பத்து இருபத்தைந்துக்குப் பொன் என் கையில் இருந்தது.

6

வீட்டுக்கு வரும் வழியில், பாக்கியத்தைச் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, டாக்சிக்குள் மங்கை மெல்லச் சொன்னாள்: "உது கடன், தெரியுமோ? என்ரை காசு திரும்பி வரவேணும்."

நான் டாக்சிக்காரரின் தோளைத் தட்டினேன். "அப்ப தாலி கடனிலையெல்லோ வாங்கியாச்சு! இப்பவே இறங்கி மெசினிலை எடுத்துத் தாறன்."

"வெள்ளிக்கிழமை போன இலட்சுமி வெள்ளிக்கிழமைதான் திரும்பவேணும். ஒருமிக்க வந்தால் ஒருமிக்கப் போயிடுவா. ஒவ்வொரு வெள்ளியாய்த் தாங்கோ."

கலியாணம் நன்றாக நடந்தது. குமரனும் மாலதியும் செபராங் ஜெயாவில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். அதுவும் இருபத்தைந்து வருடக் கடன். இவர்கள் கடன்பட்டு வாங்கிய எல்லாவற்றையும் ஊர் பார்க்கிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெள்ளியைப் பால்மா டின்னில் போட்டுக்கொண்டு, மருமகள் வீட்டுக்கு வந்தால் அவள் கழுத்தைப் பார்க்காமலும், சம்பந்தியம்மா வந்தால் முகம் கொடுக்காமலும் பேசிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. கட்டிய தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டார். ஆனால் அன்றைக்குக் கடையில் பார்த்தாரே ஒரு பார்வை, அது திரும்ப வராது.

இன்று மாலை அவர் வந்திருந்தார். நிபோங் திபாலிலிருந்து பஸ் பிடித்து ஒரு காரியமாக வந்தவர், கூடத்தில் தேநீரோடு இருந்தார். நான் மறந்துபோய்க் கடைசி வெள்ளியை எடுத்துக்கொண்டு நேரே டின்னிடம் போய்விட்டேன். மூடி திறந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாங்க சம்மந்தி, உண்டியலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மங்கை முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வெள்ளி, டாக்சி, இலட்சுமி, இன்றோடு கடைசி. ஒரு சதமும் விடவில்லை. நான் டின்னைப் பிடித்தபடி நின்றேன்.

பாக்கியம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"இதுக்கா இவ்வளவு நாளா என்னைப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னீங்க? பொண்டாட்டிகிட்ட வாங்குனது கடனா லா? கடன்னா தீரும். இது தீருமா?"

"தீராதெண்டால்," என்றாள் மங்கை என்னைப் பார்த்து, "ஏன் இண்டையோடை நிப்பாட்டுறியள்? வாற வெள்ளிக்கிழமையும் போடுங்கோ."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் எடுத்தது. முதலில் வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் பாக்கியம் தான் வந்த காரியத்தைச் சொன்னார். மடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வைத்தார். உள்ளே அவருடைய ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி.

"சம்மந்தி, எனக்கும் ஒரு கார்டு வாங்கிக் குடுங்க. பேங்கு நமக்குக் கடன் படுமே, அந்த மாதிரி. சாகறதுக்குள்ள ஒரு மாசமாச்சும் எவனாவது எனக்குக் கடன் பட்டிருக்கணும்."

திங்கட்கிழமை இருவரும் வங்கிக்குப் போகிறோம். அந்தச் சிம்பாங் அம்பாட் பெண் இன்னொரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தால் நல்லது.